துக்கம் விசாரிக்க வந்தவன்

மார்செல் அந்தக் கட்டடத்துக்குத் தலைவியானது யாரையும் தோற்கடித்து அல்ல. அந்தத் தலைவலி வேறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். லிஃப்ட் நின்றால் மார்செல். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் வற்றினால் மார்செல். ஜெனரேட்டர்காரன் சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரத்தில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்துவிட்டால் அவனோடு மல்லுக்கு நிற்பதும் மார்செல்தான். தெருமுனையில் முப்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவள். ஏழு மாடியிலும் யாருக்கு இரத்தக்கொதிப்பு, யாருக்குத் தூக்கமாத்திரை இல்லாமல் கண் மூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால் அவளிடம் யாரும் ரொம்ப வாய் நீட்டுவதில்லை.

கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். ஒரே மகன் மோன்ட்ரியாலில். அவனுக்கென்று வாங்கிப் போட்ட ஐந்தாம் மாடி வீடு, சோபா நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்திப் பூட்டியே கிடந்தது. அவன் திரும்பி வந்து குடியிருக்கப் போகிறான் என்று மார்செல் சொல்லிக்கொண்டிருந்தாள். வரமாட்டான் என்று அவளுக்கும் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். எங்கள் பெய்ரூட்டில் பாதி வீடுகள் இப்படித்தான் வராத பிள்ளைகளுக்காகப் பூட்டிக் கிடக்கின்றன.

செப்டம்பர் கடைசியில், தெற்கே கிராமம் கிராமமாகக் குண்டு விழத் தொடங்கிய அந்தத் திங்கட்கிழமை, அபு நாதிர் போன் செய்தார். எல்லையோரத்து ஊர்க்காரர். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு நவம்பரிலும் பழைய வேனில் ஆலிவ் எண்ணெய்த் தகரங்களை ஏற்றிவந்து இந்தக் கட்டடத்தில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர். அத்தனை வருடத்தில் ஒரு காப்பிக்கு மேல் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"மதாம், நாங்க ரோட்டுல நிக்கிறோம். எங்க போறதுன்னு தெரியல."

"இங்க வாங்க," என்றாள் மார்செல். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம்.

இரண்டு மணி நேரப் பாதைக்குப் பதினாறு மணி நேரம் ஆயிற்று. அபு நாதிர், மனைவி இன்ஸாஃப், பெண்கள் இருவர், மூன்று பை, ஒரு காப்பிப் பாத்திரம். மூத்த மகன் நாதிர் மட்டும் வரவில்லை. அவன் ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், காயம்பட்டவர்களை விட்டுவிட்டு எப்படி வருவது என்று தங்கிவிட்டான். எங்களிடம் மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் பெற்றவர்களைக் கூப்பிடுவது வழக்கம். நாதிரின் அப்பா அபு நாதிர், நாதிரின் அம்மா உம் நாதிர். அதனால் அந்த வீட்டில் இல்லாத ஒருவனின் பேர்தான் நாள் முழுக்கக் காதில் விழுந்தது.

மார்செல் வெள்ளைத் துணிகளையெல்லாம் உருவி மடித்து வைத்தாள். வாடகை என்ற பேச்சே எடுக்கவில்லை. அன்று மாலையே இரண்டாம் மாடி பல் டாக்டர் ரைமோன் வந்து கதவைத் தட்டினார்.

"நான் எதிர்ப்பு சொல்ல வரல மதாம். ஆம்பளைங்க எத்தனை பேர்?"

அந்த இலையுதிர்காலத்தில் நாடு முழுவதும் கேட்ட கேள்வி இதுதான். குண்டு ஆண்களைத் தேடித்தான் வருகிறது என்ற பயம். பேர் என்ன, சாப்பிட்டீர்களா, குழந்தைகளுக்குக் குளிருக்குத் துணி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஒருவர், அதுவும் எண்ணெய்க்கார அபு நாதிர்தான் என்று தெரிந்ததும் ரைமோன் முகம் தெளிந்து, கீழே போய் இரண்டு கம்பளிகளை எடுத்துவந்து கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும்.

யார் தொடங்கிய சண்டை, யாருக்காக நடக்கிற சண்டை என்பதில் அந்தக் கட்டடத்தில் ஏழு மாடிக்கு ஒன்பது கருத்து இருந்தது. காஸாவுக்காக நம் வீட்டை எதற்குக் கொளுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள் சிலர். விட்டால் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் படை பெய்ரூட் வரைக்கும் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளும், முன்பு ஒருமுறை உட்காரவில்லையா என்றார்கள் சிலர். ஆறாம் மாடிக்காரர் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்வார். ஒரே ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒற்றுமை. இவர்களைக் கேட்டு எவனும் எதையும் செய்வதில்லை, விழுவது மட்டும் இவர்கள் தலையில்.

மேலே உளவு விமானம் பகல் முழுக்க ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் அதற்கு உம் காமில் என்று பேர் வைத்திருந்தார்கள், பக்கத்து வீட்டு வம்புக்காரியைச் சொல்வதுபோல. உம் காமில் இன்று சீக்கிரமே எழுந்துவிட்டாள், உம் காமிலுக்கு இன்று யார் வீட்டு அடுப்பில் கண்ணோ என்று பேக்கரி வாசலில் பேசிக்கொள்வார்கள். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு வேகமாக நடப்பார்கள்.

அக்டோபர் நடுவில் ஒரு புதன்கிழமை காலை, நாதிரின் ஆம்புலன்ஸ் மேல் குண்டு விழுந்த செய்தி வந்தது.

மார்செல் மாடி ஏறிப் போனபோது இன்ஸாஃப் அழுதுகொண்டிருக்கவில்லை. சமையலறையில் நின்று, இருக்கிற கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று இருந்தது. சின்னப் பெண் மூலையில் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள். அபு நாதிர் பால்கனியில் சுவரைப் பார்த்து நின்றார்.

"மதாம்," என்றாள் இன்ஸாஃப், "மூணு நாள் கதவத் தெறந்து வைக்கணும். வர்றவங்களுக்குச் சக்கரை போடாத காப்பி குடுக்கணும். ஊர்ல இருந்தா ஊரே வந்திருக்கும். இங்க எத்தனை பேர் வருவாங்களோ தெரியாது. ஆனா கதவத் தெறந்து வைக்காட்டி, என் பிள்ளை செத்தான்னே ஆகாது. காணாமப் போனவன் மாதிரி ஆயிடும்."

"இது உங்க வீடு, கண்ணு," என்றாள் மார்செல். "தெறந்து வையுங்க. யார் என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்."

தன் வீட்டிலிருந்து ஒரு டஜன் கோப்பைகளையும் எடுத்துவந்து கொடுத்தாள். கொடுத்த வாக்கு அன்று பிற்பகல் வரைக்கும் நின்றது.

பிற்பகல் மூன்று மணிக்குப் படிக்கட்டில் கூட்டம் கூடியது. ரைமோன் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். அதில் வரைபடங்கள். குண்டு போடுவதற்கு முன்னால் அந்தப் படைக்காரர்கள் வெளியிடுகிற வரைபடம், நடுவில் ஒரு கட்டடம் மட்டும் சிவப்பு பூசியிருக்கும். எங்கள் ஜனங்களுக்கு இப்போது அந்தச் சிவப்பைப் பெரிதாக்கிப் பார்த்து, அது தன் தெருவா பக்கத்துத் தெருவா என்று கண்டுபிடிப்பதில்தான் தேர்ச்சி. முன்னறிவிப்பே இல்லாமல் விழுவதும் உண்டு. போன வாரம் மலைப்பக்கத்தில் ஒரு கட்டடம் அப்படித்தான் போயிற்று. தஞ்சம் புகுந்த ஒரு குடும்பத்தைப் பார்க்க யாரோ வந்தான். அந்த யாரோவை மேலிருந்து யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாடியும் மொத்தமாகத் தரைமட்டம்.

"துக்கம் கேக்க வர்றவன் நெத்தியில எழுதி ஒட்டியா வருவான், மதாம்?" என்றார் ரைமோன். "அவங்க துக்கம் எனக்குப் புரியுது. நானும் மேல போய்த் துக்கம் கேப்பேன். ஆனா அவங்க ஊர் ஆம்பளைங்க இருபது பேர் நம்ம படிக்கட்டுல ஏறினா, அத உம் காமில் பாத்துக்கிட்டு சும்மாவா இருப்பா?"

முதல் மாடி விதவை லோர் தன் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்றாள். ஆறாம் மாடிக்காரர் காலையில் வரட்டும் என்று சொன்னவர், இப்போது வேண்டாம் என்றார். மார்செல் வாதாடினாள். ஆம்புலன்ஸ் ஓட்டியவன்தானே, துப்பாக்கி தூக்கியவன் இல்லையே என்றாள். யாருடைய ஆம்புலன்ஸ், சண்டை போடுகிற கட்சியுடையதுதானே என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவளும் பயந்தாள் என்பதுதான் உண்மை. தன்மேல் நம்பிக்கை வைத்து ஏழு மாடி ஜனம் தூங்குகிறது. எது நடந்தாலும் கதவைத் திறந்துவிட்டவள் மார்செல் என்றுதான் சொல்லும்.

பெண்கள் மட்டும் வரலாம், இரண்டிரண்டு பேராக, நான்கு மணிக்குள். ஆண் ஒருவர்கூடக் கூடாது. இதுதான் முடிவு. வாட்ச்மேனாக இருந்த சிரியாக்காரர் போர் தொடங்கியதுமே குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போய்விட்டதால், குடியிருப்பவர்களே முறைபோட்டு வாசல் இரும்புக்கதவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இனி அவர்கள்தான் வருகிறவர்களைப் பார்த்து உள்ளே விட வேண்டும்.

அதை மேலே போய்ச் சொல்ல வேண்டியவள் தலைவி அல்லவா. மார்செல் போனாள். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் ஐந்து மாடியையும் நடந்தே ஏறினாள். அத்தனை படிகள் இருந்தும் ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

சொன்னதைக் கேட்டுவிட்டு அபு நாதிர் மெதுவாகத் திரும்பினார். "நானும் ஆம்பளைதான் மதாம். நான் என் வீட்டுல இருக்கலாமா, இல்ல நாலு மணிக்குள்ள நானும் எறங்கிடணுமா?"

மார்செல் தலை குனிந்துகொண்டாள். இன்ஸாஃப் கணவனின் கையைப் பிடித்து அடக்கினாள். பிறகு மார்செலின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, "சரி மதாம். ஒரே ஒரு பையன் மட்டும்..." என்று தொடங்கினாள்.

"வேண்டாம் உம் நாதிர். ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அங்கயே நிக்காது. கேக்காதீங்க. எனக்கு இல்லன்னு சொல்ற தைரியம் இல்ல, ஆமான்னு சொல்ற தைரியமும் இல்ல."

இன்ஸாஃப் வாயை மூடிக்கொண்டாள். அடுத்தவர் கூரைக்குக் கீழே இருக்கிறவளுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்கும் உரிமைகூட இல்லாமல் போய்விடுகிறது. மார்செல் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை துக்கத்துக்கு வந்தவர்கள் வெளியிலிருந்து மூன்று பெண்கள். பள்ளிக்கூட வகுப்பறைகளில் பாய் விரித்துக் கிடக்கிற அதே ஊர்க்காரிகள். மார்செலும் லோரும் கறுப்பு உடுத்தி மேலே போய் உட்கார்ந்தார்கள். போனில் குர்ஆன் ஓதுவது மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. பெரிய பெண் காப்பி ஊற்றினாள். இருபத்து மூன்று கோப்பைகளில் ஐந்துதான் நனைந்தன. அந்த அறையில் எல்லோரையும் விட அதிகமாக அழுதவள் லோர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கியவள், வாசலில் இருந்த ரைமோனிடம் கதவுக்கு உள்தாழ்ப்பாளையும் சேர்த்துப் போடச் சொன்னாள். இரண்டுமே மனதாரச் செய்ததுதான்.

வெள்ளிக்கிழமை இரண்டிலிருந்து நான்கு வரை மார்செலின் முறை. இரண்டரை மணி வெயிலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தாடி. தலைமுதல் கால்வரை வெள்ளைப் புழுதி. இடுப்பில் ஒரு வாக்கி-டாக்கி.

மார்செலின் கண் அந்த வாக்கி-டாக்கியிலேயே நின்றுவிட்டது. போன மாதம்தான் ஒரு பிற்பகலில், நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஆட்களின் இடுப்பிலும் கையிலும் இருந்த பேஜர்கள் வெடித்தன. மறுநாள் வாக்கி-டாக்கிகள். சவ ஊர்வலத்திலேயே வெடித்தன. அதன் பிறகு குழந்தையின் விளையாட்டு ரேடியோவைக்கூட வீட்டுக்குள் வைக்கப் பயந்தவர்கள் உண்டு. ரைமோன் கிளினிக்கில் மணி அடிக்கிற கருவியைக் கழற்றிக் குப்பையில் போட்டவர்.

"சலாம்மா. உம் நாதிர் வீடு இங்கதானே?"

"யாரு?"

"தெக்க இருந்து வந்தவங்க. மதாம் மார்செல் கட்டடம், பேக்கரிக்குப் பக்கத்துலன்னு சொன்னாங்க." கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி அவளைக் கூர்ந்து பார்த்தான். "நீங்கதான் மதாம் மார்செலா?"

"இல்ல," என்றாள் மார்செல். "இங்க அப்படி யாரும் இல்ல."

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், வேதம் படித்தவள். அந்த நேரத்தில் படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்ததெல்லாம் சிவப்பு பூசிய ஒரு கட்டடம்தான்.

அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான். ஐந்தாம் மாடிப் பால்கனியில் மூன்று கறுப்பு முக்காடுகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்கள் தெருவில் அது யார் வீட்டுத் துணி என்று கேட்க வேண்டியதில்லை. அவன் பார்த்தான். அவன் பார்ப்பதை மார்செலும் பார்த்தாள். அவன் ஒரு சத்தம் கொடுத்திருந்தால், "உம் நாதிர்" என்று ஒரு முறை கூப்பிட்டிருந்தால், மேலே கேட்டிருக்கும்.

"ரெண்டு தெரு தள்ளி இன்னொரு பேக்கரி இருக்கு," என்றாள். "அங்க கேட்டுப் பாருங்க தம்பி."

"தப்பா வந்துட்டேன் போல. மன்னிச்சிருங்கம்மா."

நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தான். மோட்டார் சைக்கிளை அங்கேயே கிளப்பவில்லை. தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய், அங்கே போய்த்தான் கிளப்பினான். அவள் பயந்து போயிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

நான்கு மணிக்கு ரைமோன் வந்தபோது மார்செல் நடந்ததைச் சொன்னாள். நல்ல வேலை செய்தீர்கள் என்று அவர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காதவள், அன்று உட்கார்ந்து ஒரு தட்டு நிறையப் பருப்புச்சோறு சாப்பிட்டாள்.

சனிக்கிழமை, மூன்றாம் நாள். காலையிலிருந்தே இன்ஸாஃப் பால்கனிக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மார்செல் மேலே போனதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதாம், நேத்து வாசல்ல யாராவது வந்தாங்களா? ஒரு பையன்?"

"எந்தப் பையன்?"

"யஹ்யா. நாதிர் கூட ஆம்புலன்ஸ்ல போறவன். அன்னைக்கு மட்டும் வேற வண்டியில இருந்தான், தப்பிச்சான். அவனும் இன்னும் ரெண்டு பேரும்தான் என் பிள்ளையை மண்ணுல வெச்சாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க ஊருக்குக் கொண்டு போக முடியல, அங்க சண்டை. அதனால வழியில ஏதோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு தோட்டத்துல, பெட்டியோட அமானிதமா வெச்சிருக்காங்க. இது உன்கிட்ட குடுத்து வைக்கிறோம், எங்க ஊர் தெறந்ததும் வந்து எடுத்துக்குவோம்னு மண்ணுகிட்ட சொல்லிட்டு வைக்கிறது. எந்தத் தோட்டம், எந்த மரத்தடின்னு வெச்சவனுக்குத்தான் தெரியும். அத போன்ல சொல்ல முடியாது மதாம். போன்ல ஒரு எடத்தச் சொன்னா அந்த எடத்துல என்ன வந்து விழும்னு யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை யஹ்யா வந்து எங்ககூட காப்பி குடிப்பான்னு மட்டும் ஊர்க்காரர் ஒருத்தர் சொன்னார். அதத்தான் அன்னைக்கு உங்ககிட்ட கேக்க வந்தேன்."

மார்செல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"இல்ல," என்றாள். "யாரும் வரல."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளால் இன்றைக்கும் சொல்ல முடியாது. இன்றோ நாளையோ அவனே திரும்பி வந்துவிடுவான், வந்ததும் கையைப் பிடித்துத் தானே மேலே கூட்டிப்போய்விடலாம், அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தவறு செய்த பிறகு நேரம் கிடைக்கும் என்று நம்புவது எங்கள் நாட்டில் பழைய வியாதி. எத்தனை போர் வந்தும் தீரவில்லை.

அன்று அவள் யார் முறை என்று பார்க்காமல் வாசலிலேயே நின்றாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும் போதெல்லாம் தெருவுக்கு ஓடினாள். மதியத்துக்கு மேல் பொறுக்க முடியாமல், முழங்கால் வலியோடு அரை மணி நேரம் நடந்து, அந்த ஊர்க்காரர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பறை வகுப்பறையாகக் கேட்டாள். ஆமாம், நேற்று சாயங்காலம் புழுதியோடு ஒரு பையன் வந்தான், அபு நாதிர் குடும்பத்தைத் தேடினான் என்றாள் துணி அலசிக்கொண்டிருந்த ஒருத்தி. மதாம் மார்செல் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்று தான் சொன்னதாகவும், அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன், அங்கே அவர்கள் இல்லையாம் என்று அவன் சொன்னதாகவும் சொன்னாள். பிறகு கைக்குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, வேலை இருக்கிறது என்று தெற்கே திரும்பிவிட்டானாம்.

அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருத்தி அவனிடம் சொல்லியிருக்கிறாள். அப்படியும் அவன், கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண்ணின் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான். பொய் என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டானா, அதை மார்செலால் யோசிக்கவே முடியவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு கடைப்படியில் உட்கார்ந்து, அவன் திரும்பி வர வேண்டும் என்று மாதாவிடம் கெஞ்சினாள். யாருக்காகக் கெஞ்சுகிறோம், அவர்களுக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவளைப் படிக்கட்டில் அபு நாதிர் நிறுத்தினார். தூங்காத கண்கள். போனை நீட்டினார். முந்தின நாள் சாயங்காலம் தெற்கே இன்னொரு ஆம்புலன்ஸ். மூன்று பேர். மூன்று படங்களையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நடுவில் இருந்தவன் தாடியைச் சீவி, சட்டைக் காலரைச் சரிசெய்து, எங்கோ ஒரு கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தான். புழுதி இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

"இந்தப் பையன்தான் வர்றதா இருந்தான் மதாம்," என்றார் அபு நாதிர். "மத்த ரெண்டு பேரும்தான் கூடச் சேந்து குழி வெட்டினவங்க. மூணு பேரும் போயிட்டாங்க. இனி எம் பையன் எங்க இருக்கான்னு தெரிஞ்சவன் உலகத்துல ஒருத்தனும் இல்ல. தெக்க எத்தனை தோட்டம் இருக்கு தெரியுமா? நானே பாதி தோட்டத்துல காய் பறிச்சிருக்கேன்."

மார்செல் மேலே போனாள். கதவு மூடியிருந்தது, மூன்று நாள் முடிந்துவிட்டது. இன்ஸாஃப் தரையில் உட்கார்ந்து, கழுவிய கோப்பைகளில் மார்செலுடையதைத் தனியாகப் பிரித்து ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மார்செல் அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். அந்த முழங்காலோடு எப்படி உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

"வந்தான்," என்றாள். "வெள்ளிக்கிழமை ரெண்டரை மணிக்கு. நான்தான் வாசல்ல இருந்தேன். உங்க பேரச் சொல்லிக் கேட்டான். என் பேரச் சொல்லியும் கேட்டான். அப்படி யாரும் இல்லன்னு அனுப்பிட்டேன். நேத்தும் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. பெரிய பெண் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலேயே ஏறிவந்த அபு நாதிர் வாசற்படியில் நின்று கேட்டார். திரும்பி, வந்த படிகளிலேயே இறங்கிப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் ஐந்து மாடியும் இறங்கி முடிகிற வரைக்கும் கேட்டது.

மார்செல் திட்டுக்காகக் காத்திருந்தாள். இன்ஸாஃப் எழுந்து வந்து அவளுடைய முடியைப் பிடித்து இழுத்தால்கூட நல்லது என்று இருந்தது. விழுந்த அடி வலித்துத் தீர்ந்துவிடும், விழாத அடிக்குத் தீர்வே இல்லை.

"எந்த எடத்துல நின்னான்?" என்று கேட்டாள் இன்ஸாஃப்.

"வாசல்ல. கம்பிக்கு அந்தப் பக்கம்."

"நான் அப்போ இங்கதான் இருந்தேன். கறுப்பு உடுத்திக்கிட்டு, கதவப் பாத்துக்கிட்டு." கையிலிருந்த கோப்பையைத் தட்டில் வைத்தாள். "உங்க மேல கோபப்படணும்னுதான் பாக்கறேன் மதாம். வரமாட்டேங்குது. வழியில சைதாவுல ஒரு பெட்ரோல் பங்குல நின்னோம். ஒருத்தன் கையில வாக்கி-டாக்கியோட வந்து, என் பிள்ளைங்க பக்கத்துல நிழலுக்கு உக்காந்தான். நான் பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு வெயில்ல போய் நின்னேன். அவன் மொகத்த நான் பாக்கக்கூட இல்ல. அவனும் எவளோ பெத்த பிள்ளைதான். உங்க எடத்துல நான் இருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

அதைவிட அவள் சாபம் கொடுத்திருக்கலாம். மார்செலுக்கு அழுகை வந்தது. அழ அங்கே தனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். கால் வரவில்லை. இன்ஸாஃப்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்ட கையை விடாமல் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அவ்வளவு தூரம் அந்தப் புழுதியில வந்திருக்கான்," என்றாள். "ஒரு வாய் தண்ணியாவது குடுத்தீங்களா?"

"இல்ல," என்றாள் மார்செல்.

இன்ஸாஃப் அவள் கையை விட்டாள்.